ஊதாக்கதிர் அறை

மலை ஆஸ்பத்திரி, பெண்கள் வார்டு
1938 ஜனவரி 9

அன்புள்ள கதைக்காரருக்கு,

கடிதம் வந்தது. சுகமா என்று கேட்டிருக்கிறீர்கள். சுகமாக இருந்தால் இங்கே எதற்குப் படுத்திருக்கிறேன்? ஜுரம் இப்போது மாலையில் மட்டும்தான். எடை கொஞ்சம் ஏறியிருக்கிறது. ஊசி வழியாக நெஞ்சுக்குள் காற்று ஏற்றி, கெட்டுப்போன நுரையீரலை அமுக்கி, அதற்கு ஓய்வு கொடுக்கிறார்கள். டாக்டர் என் சீட்டைப் பார்த்து "உம்" என்றார். அவர் "உம்" என்றால் நல்லதாம். "சரி, பார்ப்போம்" என்றால்தான் பயப்பட வேண்டுமாம். பக்கத்துக் கட்டில் டீச்சர் சொல்லிக் கொடுத்த பாடம் இது.

டீச்சர் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எனக்கு வெகு முன்பே வந்தவர் என்பதால் இந்த வராந்தா அவர் ராஜ்யம். மத்தியானத்தில் யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது இங்கே சட்டம். பேசினால் நுரையீரலுக்கு வேலையாம். என்னைப் போன்ற வாயாடிக்கு இதைவிடப் பெரிய தண்டனை உண்டா? ஆனால் மாதம் பிறந்து உங்கள் பத்திரிகை வந்துவிட்டால் நர்ஸே சட்டத்தை மறந்துவிடுகிறாள். டீச்சர் தாழ்ந்த குரலில் படிக்க, வராந்தா முழுக்கக் காது கொடுக்கிறது. "மேகத்துக்கு மேலே ஓர் ஊர்" என்ற உங்கள் தலைப்பு நீளமாம். இங்கே அதற்கு "மேகத்தூர்" என்றுதான் பெயர்.

தானே நகரும் நடைபாதைக்கு எல்லோரும் சிரித்தார்கள். ஒரே மாத்திரையில் சாப்பாடு முடிந்துவிடும் என்று எழுதியிருந்தீர்களே, அதைக் கொஞ்சம் இங்கே அனுப்பி வையுங்கள். முட்டையும் பாலும் தொண்டை வரை நிற்கின்றன. ஆனால் இந்த மாதம் அந்த ஊதாக்கதிர் அறை வந்ததே, அப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. நோயாளி ஒரு கதவு வழியாக நுழைகிறான். சட்டையைக்கூடக் கழற்றாமல் நடக்கிறான். மறு கதவு வழியாகக் குணமாகி வெளியே போகிறான். படித்து முடித்ததும் யாரும் இருமக்கூட இல்லை.

டீச்சர் கேட்டார், "உங்க வீட்டுக்காரர் எந்தக் காலேஜ்ல படிச்சாரு?"

"காலேஜா? கரன்ட் கம்பெனியில எரிஞ்சுபோன மோட்டாருக்குக் கம்பி சுத்துறாரு."

அவர் நம்பவில்லை. நான் அடக்கத்தில் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

உங்கள் அக்காவிடம் ஸ்வெட்டர் அளவாக இருக்கிறது என்று சொல்லுங்கள். போன விசிட்டிங் நாளன்று எல்லோருக்கும் யாராவது வந்தார்கள். நான் சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்குகிற மாதிரி படுத்திருந்தேன்.

உங்கள்,
வாயாடி


1938 ஜனவரி 20

அன்புள்ள வாயாடிக்கு,

எடை ஏறியதைப் படித்ததும் அக்கா கடிதத்தைப் பிடுங்கி இரண்டு தடவை படித்தாள். சந்தோஷத்தில் என்னைத் திட்டினாள். அவளுக்குச் சந்தோஷம் வந்தாலும் திட்டுதான் என்பது உனக்குத் தெரியும்.

வரக்கூடாது என்றா வராமல் இருந்தேன்? தண்ணீர் நிலையத்து மோட்டார் மறுபடி எரிந்து வந்துவிட்டது. போன வருஷம் நானே சுற்றிக் கொடுத்ததுதான். பிரித்துப் பார்த்தால் உள்ளே எல்லாம் கரி. பழைய கம்பியை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றி வார்னிஷ் பூசிச் சூடு காட்ட வேண்டும். ஊரே குடத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. மேஸ்திரியிடம் லீவு கேட்டேன். "உங்க சம்சாரத்துக்கு நீங்க போய் என்ன மருந்தா குடுக்கப் போறீங்க?" என்றார். திரும்பிப் போய்க் கம்பியைச் சுற்ற ஆரம்பித்தேன்.

வீட்டுக்கு வந்தால் விரலெல்லாம் வெட்டு. பேனா பிடிக்க வலிக்கிறது. ஆனாலும் எழுத உட்கார்ந்துவிட்டால் அந்த ஒரு மணி நேரம்தான் நான் மனிதனாக இருக்கிறேன். மேகத்தூரில் எந்த மோட்டாரும் எரியாது. பத்திரிகைக்காரரும் அதையே சொல்கிறார்: "வாசகன் நாள் பூரா உழைச்சுக் களைச்சு வர்றான் சார். அவனுக்கு ரிப்பேரான மெஷினைக் காட்டாதீங்க."

ஊதாக்கதிர் எப்படி வந்தது தெரியுமா? உன் நெஞ்சைப் படம் எடுத்த அன்று நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். டாக்டர் அந்தப் படத்தை விளக்குக்கு நேரே பிடித்து, உன் நெஞ்சுக்குள் இருந்த வெள்ளைப் புகையை எனக்குக் காட்டினார். அவர் சொன்னது எதுவும் காதில் விழவில்லை. ஒரு கதிர் உடம்புக்குள் நுழைந்து பார்க்க முடியுமென்றால், நுழைந்து சரிசெய்ய ஏன் முடியாது? பார்ப்பது வந்துவிட்டது. சரிசெய்வது வராமலா போகும்? வீடு வரை இதையே நினைத்துக்கொண்டு நடந்தேன்.

ரேடியோப் பெட்டி ஒன்று வரும் என்று என் அப்பாவிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். வந்துவிட்டதே.

அடுத்த விசிட்டிங் நாளுக்குக் கட்டாயம் வருகிறேன்.

உன்,
கதைக்காரன்


1938 பிப்ரவரி 15

அன்புள்ள கதைக்காரருக்கு,

கட்டாயம் வருகிறேன் என்று எழுதிய கையை என்னவென்று சொல்ல? அதை விடுங்கள். இன்று சண்டை போடத் தெம்பில்லை. வேறு விஷயம்.

டீச்சருக்கு ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்குச் செய்வது போல ஊசியால் காற்று ஏற்றும் வைத்தியம் அவருக்குப் பலிக்கவில்லை. விலா எலும்புகளில் சிலவற்றை எடுத்துவிட்டு, அந்தப் பக்கத்து நுரையீரலை நிரந்தரமாக அமுக்கிவிடுவார்களாம். தோள் ஒரு பக்கம் சரிந்துவிடும். ஆனால் ஆள் பிழைக்கலாம். ஆபரேஷன் நடக்கும் பெரிய கட்டிடத்தில் அப்படிப் பிழைத்தவர்கள் நடமாடுகிறார்கள், நானே பார்த்திருக்கிறேன்.

டீச்சர் மாட்டேன் என்கிறார். ஏன் தெரியுமா? தலையணைக்கடியிலிருந்து உங்கள் பத்திரிகையை எடுத்து டாக்டரிடம் நீட்டினார்.

"இதைப் படிச்சீங்களா டாக்டர்? இப்பவே கதிரை வெச்சுப் படம் எடுக்கறீங்க. இன்னும் அஞ்சாறு வருஷத்துல கதிரை வெச்சே குணப்படுத்திடுவாங்க. அதுக்குள்ள எதுக்கு என் எலும்பை வெட்டணும்?"

டாக்டர் முதலில் சிரித்தார். டீச்சர் விளையாடவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அப்புறம் என்னிடம் தனியாக வந்து, "உங்க வீட்டுக்காரர் எழுதினதுதானே அது? நல்லாதான் இருக்கு. ஆனா இந்தம்மாவுக்கு அஞ்சாறு வருஷம் கிடையாது. மழைக்காலத்துக்குள்ள அடுத்த பக்கமும் கெட்டுடும். அப்புறம் நான் நினைச்சாலும் வெட்ட முடியாது" என்றார்.

நான் டீச்சரிடம் கெஞ்சிப் பார்த்தேன். "உன் வீட்டுக்காரர் கண்டுபிடிப்பை நீயே நம்பலைன்னா எப்படி?" என்று என்னையே மடக்குகிறார். எட்டு வகுப்புப் பிள்ளைகளை மிரட்டி வைத்த வாய். நான் எந்த மூலைக்கு?

அவர் உங்கள் பேச்சைத்தான் கேட்பார். அடுத்த மாதக் கதையில் ஏதாவது எழுதுங்கள். கதிர் வேலை செய்யவில்லை என்று எழுதினாலும் சரி, அறை வெடித்துவிட்டது என்று எழுதினாலும் சரி.

உங்கள்,
வாயாடி


1938 பிப்ரவரி 24

அன்புள்ள வாயாடிக்கு,

கதை கதைதான். அதைப் படித்துவிட்டு ஒருவர் வைத்தியம் வேண்டாம் என்றால் அது என் தலையில் விடிய வேண்டுமா? கணக்கு டீச்சருக்கு இது தெரியாதா?

வெடித்துவிட்டது என்று சுலபமாக எழுதிவிட்டாய். அந்த ஊரை மூன்று வருஷமாகக் கட்டி வருகிறேன். ஒரு விளக்குகூட அங்கே அணைந்ததில்லை. பகலெல்லாம் எரிந்துபோனதைத் தோண்டுகிறவன் நான். சாயங்காலமும் எரிந்துபோனதையே எழுத வேண்டுமா?

இதை எழுதிவிட்டு வெளியே போய் நடந்துவிட்டு வந்தேன். கடிதத்தைக் கிழிக்கப் பார்த்தேன், கிழிக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கதிர் அறையை வாசகர்களுக்காக எழுதவில்லை. உனக்காக எழுதினேன். நீ படிப்பாய் என்று தெரிந்து எழுதினேன். நேரில் வந்து "உனக்குச் சரியாகிவிடும்" என்று சொல்ல எனக்கு வாய் வராது, பேச்சில் நான் எப்படி என்று உனக்குத் தெரியும். இப்போது அந்தக் கதிர் பொய் என்று எழுதினால், அதை டீச்சர் மட்டுமா படிப்பார்? நீயும்தானே அந்த வராந்தாவில் கேட்டுக்கொண்டிருப்பாய்? அதை உன்னிடம் சொல்ல என்னால் முடியாது. என்னை வற்புறுத்தாதே.

உன்,
கதைக்காரன்


1938 மார்ச் 2

உங்களுக்கு,

எனக்காகவா எழுதினீர்கள்? எனக்குக் கதிர் வேண்டாம். விசிட்டிங் நாளன்று அந்த நாற்காலியில் ஒரு ஆள் உட்கார்ந்தால் போதும். வாய் வராவிட்டால் பேசாமல் உட்கார்ந்திருங்கள். இங்கே பேசக்கூடாது என்பதுதானே சட்டம்.

நான் ஒன்றும் சின்னப் பிள்ளை இல்லை. எனக்கு என்ன வந்திருக்கிறது, அதில் எத்தனை பேர் திரும்பிப் போகிறார்கள் என்று இங்கே வந்த வாரமே தெரிந்துகொண்டேன். உங்கள் கதையைக் கேட்டு நான் நம்பிக்கை வைக்கவில்லை. அதை எழுதுகிற நேரத்தில் நீங்கள் கொஞ்சம் சந்தோஷமாக இருந்திருப்பீர்கள் என்று தெரியும், அதற்காகத்தான் கேட்டேன்.

டீச்சர் நேற்று ரத்தமாகக் கக்கினார். துடைத்துவிட்டு என்னைப் பார்த்து, "உன் வீட்டுக்காரரைச் சீக்கிரம் எழுதச் சொல்லு" என்று கண் சிமிட்டினார்.

எழுதுங்கள். டாக்டர் எனக்கு "உம்" என்றுதான் சொல்கிறார். டீச்சருக்கு "சரி, பார்ப்போம்" என்றுகூட இப்போது சொல்வதில்லை.


1938 மார்ச் 28

அன்புள்ள வாயாடிக்கு,

எழுதிவிட்டேன். ஏப்ரல் மாதப் பத்திரிகையில் வருகிறது.

அறையை நான் வெடிக்க வைக்கவில்லை, கை வரவில்லை. அந்த அறையைக் காவல் காக்கும் பொறியாளர் ஒருவரைக் கொண்டு வந்தேன். வேடிக்கை பார்க்க வந்தவர்களிடம் அவர் சொல்கிறார்: "இது வர்றதுக்கு முன்னாடி எங்க காலத்துல கத்திதான். எங்க வீட்டம்மா கத்தி வேணாம்னு சொல்லிட்டா. கதிர் வரட்டும்னு காத்திருந்தா. கதிர் வந்துச்சு, அவ இல்லை. அவ கூடப் படுத்திருந்தவங்க கத்திக்கு உடம்பைக் கொடுத்தாங்க. தோள் சரிஞ்சுபோய், இந்தா, இந்தக் கதவு வழியா நடந்து வந்தாங்க. இந்த ஊருக்கு வர்றதுக்கு ஒரே வழிதான்மா. அதுவரைக்கும் உசுரோட இருக்கணும்." சொல்லிவிட்டு அவர் அழுகிறார்.

பத்திரிகைக்காரருக்குப் பிடிக்கவில்லை. "மூணு வருஷத்துல முதல் தடவையா உங்க ஊர்ல ஒருத்தர் அழறாரு. ஏன் சார்? வீட்ல ஏதாவதா?" என்றார். ஒரு எழுத்தை எடுத்தாலும் இனி எழுதமாட்டேன் என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. போட்டுவிட்டார்.

இன்னொன்று. இரண்டு விசிட்டிங் நாளும் நான் வராமலே இருந்துவிட்டேன் என்று நினைக்காதே. இரண்டாவது தடவை மலை ஏறி கேட் வரை வந்தேன். அந்த நேரம் பார்த்து உங்கள் வார்டிலிருந்து இரண்டு பேர் ஒரு மெத்தையைத் தூக்கி வந்து வெயிலில் போட்டார்கள். மருந்துத் தண்ணீர் தெளித்தார்கள். யார் மெத்தை என்று கேட்க நினைத்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். கேட்காமலே பஸ் ஏறிவிட்டேன். உன் அடுத்த கடிதம் வரும் வரை சாப்பாடு இறங்கவில்லை. அக்காவிடம்கூடச் சொல்லவில்லை.

உன்,
கதைக்காரன்


1938 ஏப்ரல் 30

அன்புள்ள உங்களுக்கு,

பத்திரிகை வந்தது. டீச்சரே படித்தார். அந்தப் பொறியாளரின் பேச்சு வந்த இடத்தில் குரல் தடுமாறியது. முடித்துவிட்டு, "நீ ஏதாவது எழுதிப் போட்டியா அவருக்கு?" என்று கேட்டார். "எனக்கு என்ன தெரியும்? அவர் என்னைக் கேட்டா கதை எழுதறாரு?" என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கணக்கு டீச்சரிடம் பொய் சொல்வது கஷ்டம். ஆனால் மேலே கேட்கவில்லை. மறுநாள் டாக்டரிடம், "சரி, வெட்டுங்க. நான் அந்த ஊரைப் பார்க்கணும்" என்றார்.

ஆபரேஷனுக்குப் போகும் காலையில் நர்ஸ் தலை பின்னிவிட்டாள். இரட்டைப் பின்னல். "பள்ளிக்கூடம் போற பொண்ணு மாதிரி இருக்கேனா?" என்றார். நான் சிரித்தேன். வராந்தா முழுக்கக் கையாட்டியது.

அவர் திரும்பி வரவில்லை. ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்ததாம். அடுத்த சில நாளில் ஜுரம் ஏறி மூச்சுத் திணறிவிட்டது. பெரிய கட்டிடத்துக்கு எங்களை விடவில்லை. டாக்டர் வந்து என் கட்டில் ஓரமாக உட்கார்ந்தார். எப்போதும் நின்றே பேசுகிறவர். "செய்யலைன்னாலும் போயிருப்பாங்கம்மா" என்றார். எனக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா, தெரியவில்லை.

நான் கேட்டேன், நீங்கள் எழுதினீர்கள், அவர் நம்பினார். இதில் யாரைக் குற்றம் சொல்ல? என் மேல் கோபப்படக்கூட என்னால் முடியவில்லை, அவ்வளவு அசதி. அந்தக் கட்டிலில் புதிதாக ஒரு பெண்ணைப் போட்டிருக்கிறார்கள். நாள் முழுக்க அழுகிறாள். பேசக்கூடாது என்பதைத்தான் சட்டமாக வைத்திருக்கிறார்கள். அழுவதற்குச் சட்டம் இல்லை.

வாருங்கள்.


1938 மே 4

அன்புள்ள வாயாடிக்கு,

பத்திரிகைக்காரரிடம் தொடரை நிறுத்திவிட்டதாகச் சொல்லிவிட்டேன். "மேகத்துக்கு மேலே ஊரை அப்படியே தொங்கவிட்டுட்டுப் போறீங்களே" என்றார். தொங்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். மேஸ்திரியிடம் லீவு கேட்கவில்லை; வரமாட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

உன்,
நான்


மலை ஆஸ்பத்திரி, பெண்கள் வார்டு
1948 ஜூலை 11

அன்புள்ள உங்களுக்கு,

மறுபடியும் இதே வராந்தா. மறுபடியும் உங்களுக்குக் கடிதம். எட்டு வருஷம் வீட்டில் உங்கள் காதில் நேராகப் பேசிப் பழகிவிட்டு, இப்போது பேனாவை எடுத்தால் என்ன எழுதுவது என்றே தெரியவில்லை. நோய் திரும்பி வரும் என்று அன்றைக்கே சொல்லித்தான் அனுப்பினார்கள். வந்துவிட்டது. ஆச்சரியமில்லை.

ஆச்சரியம் வேறு. புதிதாக ஒரு ஊசி வந்திருக்கிறது. மண்ணில் இருக்கும் ஏதோ கிருமியிலிருந்து எடுத்த மருந்தாம். எல்லோருக்கும் கொடுக்கும் அளவுக்கு இல்லை. டாக்டர் ஒவ்வொரு கட்டிலாக வந்து, யாருக்கு என்று தீர்மானித்தார். அவருக்கும் தலை நரைத்துவிட்டது. என் பெயரைச் சொன்னபோது எதிர்க்கட்டில் பெண் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவளைப் பார்க்கவில்லை.

ஊசி போட ஆரம்பித்ததும் ஜுரம் நின்றுவிட்டது. சும்மா நின்றுவிட்டது, ஏதோ குழாயை மூடின மாதிரி. முன்பு எத்தனை மாதம் தெர்மாமீட்டரை வெறித்துப் பார்த்திருக்கிறேன்! புதுப் படம் எடுத்தார்கள். வெள்ளைப் புகை சுருங்கியிருக்கிறது. யாரும் கத்தியை எடுக்கவில்லை. சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை.

அஞ்சாறு வருஷம் என்றார் டீச்சர். பத்து ஆகிவிட்டது. கதிர் இல்லை, ஊசி. மற்றபடி அவர் போட்ட கணக்கில் என்ன தப்பு?

டாக்டரிடம் கேட்டே விட்டேன். "அன்னிக்கு வெட்டாம இருந்திருந்தா, இந்த ஊசி வர்ற வரைக்கும் இருந்திருப்பாங்களா?"

"இருந்திருக்க மாட்டாங்க" என்றார். கதவு வரை போய்விட்டு, "அநேகமா" என்றார்.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் போயிருக்கலாம்.

காதில் ஓயாமல் வண்டு ரீங்காரம் மாதிரி ஒரு சத்தம். தலை சுற்றுகிறது. மருந்தின் குணம் என்கிறார்கள்.

உங்கள்,
வாயாடி


1948 ஜூலை 19

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதத்தை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். "மண்ணுலேர்ந்தா? அதைக் கண்டுபிடிக்க இவனுங்களுக்கு இத்தனை வருஷமா?" என்று திட்டினாள். அப்புறம் உள்ளே போய் வெகுநேரம் வரவில்லை.

பத்திரிகைக்காரரின் மகன் வந்திருந்தான். அப்பா காலமாகிவிட்டாராம். பத்திரிகையை மறுபடி நடத்தப் போகிறான். என்னை எழுதச் சொன்னான். "ஆனா சார், அந்தப் பளபளன்னு ஊரெல்லாம் இப்ப வேணாம். யுத்தத்துக்கப்புறம் யாரும் நம்பமாட்டாங்க. ஒரே குண்டுல உலகம் அழியற மாதிரி எழுதுங்க. இப்ப அதுதான் ஓடுது" என்றான். உன் கடிதம் அப்போது என் சட்டைப் பையில் இருந்தது. நோயாளி நடந்து வெளியே வருகிற கதையை நான் எழுதியபோது எல்லோரும் நம்பினார்கள். அது நிஜமாகவே நடக்கிற நாளில் யாருக்கும் அது வேண்டாம். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

அந்த "அநேகமா"வை நானும் சுமந்துகொண்டுதான் இருக்கிறேன். நீ தனியாகச் சுமக்கிறாய் என்று நினைக்காதே. அதற்கு மேல் ஆறுதல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஒர்க்ஷாப்பில் இன்றைக்கும் ஒரு மோட்டார் எரிந்து வந்தது. சுற்றிக் கொடுத்தேன். ஓடுகிறது.

எப்போது விடுவார்கள்?

உன்,
கதைக்காரன்


1948 நவம்பர் 3

அன்புள்ள கதைக்காரருக்கு,

வரும் சனிக்கிழமை என்னை விடுகிறார்கள். கிருமி இல்லையாம். மாடிப்படி ஏறலாம், வேலை செய்யலாம், யார் பக்கத்திலும் உட்காரலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார் டாக்டர். "இனி இங்க வராதீங்க" என்றார். அவர் இப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

நேற்று தனியாகக் கடைத்தெரு வரை இறங்கிப் போய்த் திரும்பி ஏறினேன். மேடு முழுக்க ஒரு இடத்திலும் நிற்கவில்லை. மேலே வந்ததும் குதிக்க வேண்டும் போல இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். நோயாளியாக இருக்க எனக்கு நன்றாகத் தெரியும். ஜுரம் பார்க்க, படுத்திருக்க, காத்திருக்க. குணமானவள் என்ன செய்வாள் என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எதிர்க்கட்டில் பெண்ணுக்கு இந்த மாதம் மருந்து வந்துவிட்டது. முதல் ஊசியின்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். அது ஒன்றுதான் மனதுக்குக் கொஞ்சம் லேசாக இருக்கிறது.

அந்தப் பையனுக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று எழுதவில்லையே. உலகத்தை அழித்து எழுதுவதானால் எழுதுங்கள், உங்கள் இஷ்டம். ஆனால் நான் படிக்க மாட்டேன். இந்த ஊசியைப் பற்றி எழுதினால் படிப்பேன். அது என்ன கொடுத்தது, என்ன எடுத்தது, யாருக்குப் பிந்தி வந்தது, எல்லாவற்றையும் சேர்த்து எழுதுங்கள். யாரும் நம்பாவிட்டால் போகட்டும்.

எடுத்தது என்ன என்று நேரில் சொல்லலாமென்று இருந்தேன். தெரியாமல் வந்து நீங்கள் கலங்கக் கூடாது என்பதால் இப்போதே எழுதிவிடுகிறேன். இடது காது அடியோடு போய்விட்டது. வலது காதில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அது திரும்ப வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நடக்கும்போது லேசாகத் தள்ளாடுகிறேன். குடித்திருக்கிறேன் என்று பஸ்ஸில் யாராவது நினைத்தால் நீங்கள்தான் சொல்லிப் புரியவைக்க வேண்டும்.

கேட்டுக்கு வெளியே நிற்காதீர்கள். உள்ளே வாருங்கள். பெட்டியை நீங்கள் தூக்குங்கள். பஸ் நிற்கிற இடம் வரை என் வலது பக்கமாகவே நடந்து வாருங்கள். என்னிடம் சொல்ல வேண்டியது எதுவானாலும் அந்தப் பக்கத்திலிருந்து, கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள்.

உங்கள்,
வாயாடி